மொறப்பாக்கத்துக் கோபாலன்: இரண்டு ஆட்டம், ஒரு சம்பளம்

"ஆட்டம் சோறு போடுமாடா?" என்று கேட்காத தாய் எங்கள் புதுவாயலில் இல்லை. அந்தி சாய்ந்தபின் காலில் ஏரி மண்ணோடு வாசற்படி ஏறும் எந்தப் பையனும் இக்கேள்விக்கு விடை சொன்னதும் இல்லை. நானும் சொன்னதில்லை. இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு பயிலும் நான் நம் கல்லூரிக் கபடி அணியில் ஆடுபவன். ஆதலால் கபடியைப் பற்றித்தான் எழுதுவேன் என்று ஆண்டு மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால் சென்ற பருவம் முழுவதும் என் சிந்தையில் குடியிருந்தவர் கபடி வீரர் அல்லர். கிரிக்கெட்டும் ஹாக்கியும் ஆடியவர். இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவர்தாம் மொறப்பாக்கம் ஜோசியம் கோபாலன். பத்திரிகைகள் அவரை எம்.ஜே.கோபாலன் என்று எழுதின.

திருவள்ளூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1997ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் புதுவாயலும் மொறப்பாக்கமும் ஒரே மாவட்டத்தின் வடகோடியும் தென்கோடியும் ஆகும். அந்த உரிமையில் அவரை 'நம்மவர்' என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை என்றே எண்ணுகிறேன்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் என் பெரியம்மா மகன். புதுவாயலை அறியாத நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், கவரப்பேட்டைக்குச் சற்று முன்னால், பெரியபாளையம் சாலை பிரியும் இடமே எங்கள் ஊர். வடக்கே சிறிது தூரம் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். விடியற்காலையில் ஆலைப் பேருந்துகள் வந்து முக்கூட்டில் நிற்கும். நெல் அறுத்த கைகள் பல இப்போது இரும்பு அறுக்கின்றன. என் அண்ணனும் அப்படி ஒரு பேருந்தில் ஏறியவர்தாம். ஆனால் அவரை ஏற்றியது அவருடைய கை அன்று, கால். ரெய்டு போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்பமாட்டார் என்று பெயர். ஆலைகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளுக்காக ஓர் ஆலை அவரை ஒப்பந்தத் தொழிலாளியாக எடுத்துக்கொண்டது. காலையில் வேலை, மாலையில் பயிற்சி, முதுகில் ஆலையின் பெயர் போட்ட பனியன். வீட்டில் டி.வி. வாங்கினார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் முழங்காலில் தசைநார் அறுந்தது. மூன்று மாதம் கழித்து வாயிற்சீட்டு புதுப்பிக்கப்படவில்லை. ஆலையின் பெயர் ஈண்டு தேவையில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது வேலை. எழுதாமல் இருந்தது ஆட்டம். எழுதாதது போனபோது எழுதியதும் சேர்ந்து போயிற்று. இப்போது அண்ணன் தண்ணீர்க் கேன் வண்டி ஓட்டுகிறார்.

இதை ஒருநாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆட்டத்துக்காக வேலை கொடுப்பது கும்மிடிப்பூண்டியில் பிறந்த வழக்கம் என்று நினைத்தாயா? பர்மா ஷெல் கோபாலனைப் படித்துவிட்டு வா" என்றார். படித்தேன். அந்த வழியில் போனவன் அமெரிக்கா வரை போய்த் திரும்பினேன். அப்பயணத்தின் கதையே இக்கட்டுரை.

கோபாலன் 1909ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் பிறந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. கிரிக்கெட் கற்க ஒரு பையனுக்கு அன்றைய சென்னையில் அதைவிடத் தோதான பேட்டை வேறு கிடையாது. நடந்தே போனால் சேப்பாக்கம், தெருவெல்லாம் ஆட்டம். திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்காகப் பந்து வீசத் தொடங்கினார். மிதமான வேகத்தில் வெளிப்புறம் விலகிச் செல்லும் பந்தும், தரையில் பட்டுத் திரும்பும் பந்தும் அவருடைய ஆயுதங்கள்.

அந்நாளைய சென்னைக் கிரிக்கெட்டின் அமைப்பை ஒரு சொல்லேனும் சொல்லாமல் மேலே போக இயலாது. சேப்பாக்கம் மைதானம் வெள்ளையர் சங்கமான மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வசம் இருந்தது. இந்தியர்கள் அங்கு வந்து ஆடலாம். ஆனால் பெவிலியனில் சரிசமமாக அமர்ந்து உண்ண முடியாது. இதைப் பொறாத புச்சிபாபு நாயுடு என்ற செல்வந்தர் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். தம் செலவில் இளைஞர்களுக்கு மட்டையும் உடையும் கொடுத்துப் பழக்கினார். வெள்ளையர் அணியும் இந்தியர் அணியும் மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு, அதைக் காணுமுன்பே 1908இல் காலமானார். அதுவே பிற்காலத்தில் பொங்கல் நாட்களில் ஊரே திரண்டு பார்த்த பிரசிடென்சி மேட்ச் ஆயிற்று.

அந்தப் பொங்கல் ஆட்டத்தில் வெள்ளையர் அணியின் தூண் போன்றவர் சி.பி.ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜில் படித்து, கெண்ட் மாநில அணிக்கு ஆடி, சென்னைக்கு வந்து பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். கோபாலனின் பந்துவீச்சைக் கண்டுகொண்டவர் இவரே. அதே பர்மா ஷெல்லில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரும் இவரே. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கும் இருவர், பொங்கல் வந்தால் எதிரெதிர் அணிகளில் நிற்பார்கள். வேலை கொடுத்தவரின் ஸ்டம்பைப் பெயர்க்க வேலை பெற்றவர் ஓடி வருவார். இந்தக் காட்சியை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நான் பலமுறை வருந்தியதுண்டு.

இனி, அந்த வேலை எத்தகையது என்று கேட்க வேண்டும். கோபாலன் பந்து வீசுவதற்காகச் சம்பளம் வாங்கவில்லை. கணக்குப்படி அவர் எண்ணெய்க் கம்பெனி ஊழியர். மைதானத்தில் அவர் அமெச்சூர், அதாவது கூலி பெறாத ஆட்டக்காரர். ஆனால் பந்து வீசத் தெரியாதிருந்தால் அந்த வேலை அவரைத் தேடி வந்திருக்காது. கூலிக்கு ஆடுவது, கூலியின்றி ஆடுவது என்று இரண்டு வகைதான் உண்டு என்று எண்ணியிருந்த எனக்கு, இடையில் இப்படி ஒரு மூன்றாம் வகை உலகெங்கும் இருந்தது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இங்கிலாந்தில் கிரிக்கெட் இந்த வேற்றுமையை மறைத்ததே இல்லை. கூலி பெறாதவர் 'கனவான்'. கூலி பெற்றவர் வெறும் 'ஆட்டக்காரர்'. பல மைதானங்களில் இருவருக்கும் உடை மாற்ற வேறு வேறு அறை, களத்துக்குள் நுழைய வேறு வேறு வாசல். இந்தப் பாகுபாடு ஒழிந்தது 1962ஆம் ஆண்டின் இறுதியில்தான். சாதியை நம் நாட்டுச் சொத்து என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் கதை இதைவிடச் சுவையானது. அங்கே 'ஃபுட்பால்' என்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, மறிப்பவர்களை முட்டி மோதி எதிரணியின் எல்லைக்குள் ஓடும் ஆட்டம். மூச்சுப் பாட்டு மட்டும் இருந்தால் கபடிக்குத் தூரத்து உறவு என்பேன். கல்லூரி மாணவர்கள் ஆடிய அந்த ஆட்டத்தில் 1892ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. வில்லியம் ஹெஃபெல்ஃபிங்கர் என்பவருக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்காக 500 டாலர் கொடுக்கப்பட்டது. கொடுத்த சங்கம் அதை வெளியில் சொல்லவில்லை. தன் கணக்கேட்டில் மட்டும் எழுதி வைத்தது. நெடுங்காலம் கழித்து அந்த ஏடு வெளிவந்தபோதுதான், கூலி வாங்கியதாகச் சான்றுள்ள முதல் ஃபுட்பால் வீரர் இவரே என்று உலகம் அறிந்தது. கணக்குப்பிள்ளை பொய் எழுதாமல் இருந்தால் வரலாற்று மாணவனுக்கு எவ்வளவு நன்மை!

என் மனத்தைக் கவர்ந்தவர் அவரல்லர், சார்லஸ் ஃபாலிஸ். வர்ஜீனியாவில் 1879இல் பிறந்த கறுப்பினத்தவர். குடும்பம் ஒஹையோ மாநிலத்து வூஸ்டர் நகரில் குடியேறியது. அங்கே பள்ளிப் பருவத்திலேயே பெயர் பெற்றார். அருகில் ஷெல்பி என்று ஓர் ஊர். இரும்புக் குழாய் செய்யும் ஆலை உள்ள ஊர். கும்மிடிப்பூண்டிக்காரனாகிய எனக்கு அந்த இடத்தில் ஊர்வாசனை அடித்தது என்றால் மிகையன்று. ஷெல்பி அணியின் நிர்வாகி 1902இல் ஃபாலிஸை அழைத்துக்கொண்டார். எப்படி? இரும்புச் சாமான் கடை ஒன்றில் வேலை வாங்கிக் கொடுத்து! ஆணியும் பூட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் போக அனுமதி உண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1904இல், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதை உள்ளூர்ப் பத்திரிகை வெளியிட்டது. அமெரிக்கக் ஃபுட்பாலில் சம்பளத்துக்கு ஆடியதாக அறியப்படும் முதல் கறுப்பின வீரர் அவரே.

டொலீடோ நகரில் ஆடியபோது பார்வையாளர்கள் அவருடைய நிறத்தைச் சொல்லி ஏசினர். எதிரணித் தலைவரே ஆட்டத்தை நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து அடங்கச் சொன்னார் என்று அக்காலச் செய்திகள் கூறுகின்றன. ஃபாலிஸ் வாய் திறக்கவில்லை. 1906இல் உடற்காயங்கள் அவருடைய ஃபுட்பால் வாழ்வை முடித்துவிட்டன. பிறகு பேஸ்பால் ஆடினார். 1910இல், 31ஆம் வயதில், நிமோனியாவால் இறந்தார். ஷெல்பியில் அவருடன் ஆடிய தோழர்களுள் ஒருவர் பிராஞ்ச் ரிக்கி. கறுப்பினத்தவருக்கு அடைபட்டிருந்த பெரிய பேஸ்பால் அணிகளின் கதவை 1947இல் ஜாக்கி ராபின்சன் மூலம் திறந்தவர் இந்த ரிக்கிதாம். இரும்புக் கடை ஊழியரின் அமைதி அவர் நெஞ்சில் எங்கோ தங்கியிருக்க வேண்டும். இது என் ஊகம்.

இன்னொருவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடியினர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் என்னும் இரு கூட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்றவர். மாணவராக இருந்தபோது, 1909, 1910ஆம் ஆண்டுகளின் கோடைக்காலத்தில், சிறுதொகை வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடினார் என்று தெரிய வந்ததும், மறு ஆண்டே அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. வேறு பெயரில் ஆடிக் கூலி வாங்கிய மாணவர்கள் அந்நாளில் பலர். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார், அகப்பட்டார். கூலி வாங்கியவன் என்று முத்திரை விழுந்தபின் அவர் கூலிக்கே ஆடினார். 1915இல் கேன்டன் நகர அணி ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்தது. 1920இல் அதே நகரில், ஒரு மோட்டார் கார் விற்பனைக் கூடத்தில் கூடி அணிகளின் சங்கம் ஒன்றை அமைத்தபோது, அதன் முதல் தலைவர் தோர்ப். இன்றைய பெருஞ்செல்வ அமைப்பான என்.எஃப்.எல். அதுவே. தலைவரோ, ஆடி ஓய்ந்தபின் குழி வெட்டும் கூலி வேலையும் பார்த்து, 1953இல் வறுமையில் இறந்தார். பதக்கங்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தது 1983இல். அவர் ஒருவரே முதல்வர் என்று ஏட்டில் திருத்தியது 2022இல். நூற்றுப்பத்து ஆண்டு!

இவர்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கோபாலனிடம் திரும்பும்போது, அவருக்கு வாய்த்தது எத்துணை நல்வாய்ப்பு என்பது புலனாகிறது. ஃபாலிஸின் கடையைவிடப் பெரிய கம்பெனி; தோர்ப்பைத் தண்டித்த குற்றச்சாட்டும் இல்லை. ஆட்டத்தில் அவர் வளர்ந்த வேகமும் அதிகம். 1934ஆம் ஆண்டு சனவரியில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டில் இந்திய அணியில் இடம் பெற்றார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ஓட்டம், ஒரு விக்கெட். முஷ்டாக் அலிக்கும் அதுவே முதல் டெஸ்ட். இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள். அடுத்த மாதமே சேப்பாக்கத்தில் முதன்முறையாக ஒரு டெஸ்ட் நடந்தது. அதில் கோபாலன் இல்லை. கல்கத்தாவில் ஆடிய சென்னைக்காரர் சென்னையில் ஆடவில்லை! தேர்வுக் குழுக்களின் திருவிளையாடல் அன்றே தொடங்கிவிட்டது.

ஆயினும் அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கம் அவருக்கு ஓர் ஈடு செய்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அன்று தொடங்கியது. சென்னைக்கும் மைசூருக்கும் இடையே. அக்கோப்பையின் வரலாற்றில் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். ஆட்டம் தொடங்கிய அன்றே முடிந்தும் போயிற்று. மைசூர் 48, 59, சென்னை 130. ஏ.ஜி.ராம்சிங் 35 ஓட்டங்கள் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். இந்த ராம்சிங் ஒரு டெஸ்டுகூட ஆடாமல் போனதும், அவருடைய மக்கள் கிருபால் சிங், மில்கா சிங் இருவரும் இந்தியாவுக்கு ஆடியதும் தனியாக எழுத வேண்டிய கதை.

இவ்வளவும் கிரிக்கெட். ஹாக்கியில் அவர் இதற்கு ஒரு படி மேலே நின்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1935ஆம் ஆண்டு தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடுகளுக்குச் சென்ற இந்திய ஹாக்கிக் குழுவில் கோபாலன் இருந்தார். அப்பயணத்தில் அக்குழு ஆடியது 48 ஆட்டம். அடித்தது 584 கோல். அவற்றுள் 201 தியான்சந்த் அடித்தவை. ஆட்டத்துக்குப் பன்னிரண்டு கோல் வீதம்! உலகில் அன்று அந்த அணியை எதிர்த்து நிற்க ஆளில்லை. அடுத்த ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக். தங்கம் யாருக்கு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆனால் அதே 1936ஆம் ஆண்டுக் கோடையில் இந்தியக் கிரிக்கெட் குழு இங்கிலாந்து செல்ல இருந்தது. அதற்கும் கோபாலனுக்கு அழைப்பு. இரண்டு கப்பலில் ஒருவர் ஏற முடியாது. கோபாலன் ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வு ஆட்டங்களுக்குப் போகவில்லை. கிரிக்கெட் குழுவோடு கிளம்பினார். தேர்வுக்குப் போயிருந்தால் இடம் உறுதி என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். எனினும் முந்தைய ஆண்டுதான் அந்த அணியோடு உலகின் மறுகோடி வரை போய் வந்தவர் அவர்.

இங்கிலாந்தில் என்ன நடந்தது? குழுவின் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமார். தலைமைக்குத் தகுதி செல்வம் என்றிருந்த காலம். முதல் டெஸ்டுக்கு முன்பே லாலா அமர்நாத் ஒழுங்கு தவறினார் என்று தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் இரண்டு தோல்வி, ஒன்று சமன். அந்த ஒன்றில், மான்செஸ்டரில், விஜய் மெர்ச்சென்ட்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டம் சேர்த்தனர். கல்கத்தாவில் கோபாலனோடு முதல் டெஸ்ட் ஆடிய அதே முஷ்டாக், வெளிநாட்டு மண்ணில் டெஸ்ட் சதம் அடித்த முதல் இந்தியர் ஆனார். கோபாலனோ மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூடச் சேர்க்கப்படவில்லை.

ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். மூன்றாம் டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில் தொடங்கிய நாள் 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. பெர்லின் ஹாக்கி இறுதி ஆட்டம் 14ஆம் தேதி நடக்க வேண்டியது. மழையால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. ஆக, அதே ஆகஸ்ட் 15 அன்று பெர்லினில் தியான்சந்தின் அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் கொண்டது. ஓவலில் ஹாமண்ட் இந்தியப் பந்துவீச்சைப் பிய்த்து 217 எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு இந்தியாக்களிலும் ஆடத் தக்கவர் அன்று இரண்டிலும் ஆடவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கலாம்.

பின்னாளில் எழுதியவர்கள் பலரும் இதைக் 'கோபாலன் செய்த பிழை' என்றே எழுதினர். கையில் வந்த தங்கத்தை விட்டவர் என்றனர். எனக்கு உடன்பாடில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு தேர்வைக் குறை சொல்வது எளிது. கப்பல் ஏறும் நாளில் நின்று பார்க்க வேண்டும். அவரைக் கண்டெடுத்தவர் கிரிக்கெட்காரர். அவருக்கு வேலை வாங்கித் தந்ததும் அவருடைய கிரிக்கெட். சேப்பாக்கத்தில் பொங்கல்தோறும் கூட்டம் திரள்வது கிரிக்கெட்டுக்கு. ஹாக்கி தங்கம் தந்திருக்கும். ஆனால் ஒலிம்பிக் முடிந்து ஊர் திரும்பிய ஹாக்கி வீரனுக்கு என்ன காத்திருந்தது? தியான்சந்தே இராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் ஆடியவர்தாம். யார் சொல்லியும் கோபாலன் அம்முடிவை எடுத்ததாக நான் கூறவில்லை. சோறு போட்ட கையின் பக்கம் மனம் சாய்வது இயல்பு என்று மட்டும் சொல்கிறேன்.

அதே கப்பலில் சென்ற இன்னொரு சென்னைக்காரரை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். கோட்டா ராமசாமி, முன்னர்க் கூறிய புச்சிபாபுவின் மகன். 1922இலேயே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். இங்கிலாந்து சென்றபோது அவருக்கு வயது நாற்பது. அந்த வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று எடுத்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. அவரும் இரண்டு ஆட்டத்தில் நாட்டுக்காக ஆடியவர், கோபாலனும் அப்படியே. ஒருவருக்குப் பின்னால் குடும்பச் செல்வம். மற்றவருக்குப் பின்னால் மாதச் சம்பளம். ராமசாமியின் ஆட்டத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. மட்டையைப் பிடித்த கைகள் இரண்டும் ஒன்றாக இருந்தாலும், கீழே விழுந்தால் தாங்கும் பாய் ஒருவருக்குத்தான் விரித்திருந்தது.

கோபாலன் மனமுடைந்து உட்கார்ந்துவிடவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. டெஸ்ட் வாய்ப்பு மீண்டும் வரவில்லை. ஆனால் சென்னை அணிக்குப் பல்லாண்டு ஆடினார். அவர் முதல்தரக் கிரிக்கெட்டில் கால் நூற்றாண்டு கண்டதைப் போற்றி, 1952-53 முதல் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பை என்ற ஆட்டம் நடைபெற்றது. 1982இல் முதல் டெஸ்ட் ஆடிய இலங்கைக்கு, அதற்கு முந்தைய வறண்ட ஆண்டுகளில் தரமான ஆட்டம் கிடைத்த இடங்களுள் இதுவும் ஒன்று. 1950களில் கோபாலன் இந்திய அணியின் தேர்வாளராகவும் இருந்தார். தம்மை வெளியே உட்கார வைத்த நாற்காலியில் தாமே அமர்ந்தபோது அவர் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்!

இன்று நம்மைச் சுற்றிப் பார்த்தால் கூலிக்கு ஆடுவது குற்றமில்லை. கபடிக்கே 2014 முதல் புரோ கபடி வந்து, ஏலம் போடுகிறார்கள். ஆனால் ஏல மேடை வரை போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். மற்றவர்க்கு இன்றும் ரயில்வே, வங்கி, ஐ.சி.எஃப். முதலியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் வழி. அவை நிரந்தர வேலைகள். முழங்கால் போனாலும் மேசை போகாது. என் அண்ணனுக்குக் கிடைத்ததற்கும் அதற்கும் உள்ள தூரம் புதுவாயலுக்கும் பெர்லினுக்கும் உள்ள தூரம்.

இத்தனையும் படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். வண்டியிலிருந்து கேன் இறக்கிக்கொண்டே கேட்டார். பெர்லின் கதை வந்தபோது நின்றார்.

"அதுக்கப்புறம் அவுரு ஆடுனாரா?"

"ஆடுனாருண்ணா. மொத்தமா இருபத்தஞ்சு வருசம்."

"இருபத்தஞ்சா?" என்று வியந்தவர், சற்று நேரம் கழித்து, "முட்டி நல்லா இருந்துக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் ஒரு கப்பல் வந்திருக்கிறது என்பதை அப்போது அவரிடம் சொன்னேன். வரும் வியாழக்கிழமை பல்கலைக்கழகக் கபடி அணித் தேர்வு, சென்னையில். அதே வியாழக்கிழமை, அதே முற்பகலில், சிப்காட்டில் ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளர் நேர்காணல். இரண்டுக்கும் கடிதம் வந்துவிட்டது. அம்மா ஒரு கடிதத்தை மட்டும் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். எது என்று சொல்ல வேண்டியதில்லை. நம் உடற்கல்வி இயக்குநர் அவர்களோ மற்றதைப் பற்றி நாள்தோறும் நினைவூட்டுகிறார். மலர் உங்கள் கைக்கு வரும்போது அந்த வியாழன் கடந்திருக்கும்.

அண்ணன் காலிக் கேன்களை அடுக்கி, கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"வியாயக்கெழமை என் பைக்க எடுத்துக்கோ. பெட்ரோல் போட்டு வெக்கறேன். எந்தப் பக்கம் போறேன்னு எங்கிட்ட சொல்லாத, இன்னா?" என்று கூறிவிட்டு, பெரியபாளையம் சாலையில் வண்டியைத் திருப்பினார்.